இருக்கும்லா!

எவர்சில்வர் வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படகில் ஏறுகிறாரே, அவரேதான். லைஃப் ஜாக்கெட்டை முதலில் வாளிக்குப் போடலாமா என்று யோசித்துவிட்டு, போட் ஹவுஸ்காரர் முறைத்த பிறகு தனக்குப் போட்டுக்கொள்கிறவர். படகு கரையை விட்டு ஒரு முழம் நகர்வதற்குள், "எல்லாரும் ஏறியாச்சா? பொரியக் கலக்கிருவோமா?" என்று கேட்கிறவர். ரெண்டு நிமிஷ மாமா.

நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இது ஒரு வகை. பாளையங்கோட்டையில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போனால் திண்ணைக்கு ஒருவர். என் கணவரின் சித்தப்பா இதைப் படித்துவிட்டுத் தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால், அது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம்.

மாமா தினமும் பேப்பரில் ராசிபலனுக்கு முன்னால் அணை நீர்மட்டம் பார்ப்பார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைக்கு எதில் எத்தனை அடி நிற்கிறது என்பது அவருக்குத் தன் ரத்த அழுத்தத்தைவிட நன்றாகத் தெரியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, குற்றாலத்தில் சாரல் விழுந்து, ஐந்தருவித் தண்ணீரில் வெண்ணமடைக் குளம் பெருகி, படகு விடத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டால் போதும். அன்றைக்குச் சாயங்காலமே போன்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம குத்தாலம் போவோமா? எல்லாருமா போட்டிங் போயிட்டு வருவோம். சாப்பாடு கீப்பாடுன்னு பெருசா ஒண்ணும் வேண்டாம். கொறிக்கதுக்குக் கையில சிம்பிளா எதாவது. வீட்லயே பண்ணிருவோம். ரெண்டு நிமிஷ வேல."

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். 'பண்ணிருவோம்' என்பதன் கடைசியில் நிற்கும் 'ஓம்' தன்மைப் பன்மை விகுதி, இன்றைய வழக்கில் அது முன்னிலையையும் உளப்படுத்தி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாமா வாயில் அது முன்னிலையை மட்டுமே உளப்படுத்தும். தன்மை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்.

கடையில் வாங்கலாமே என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. நாம் என்ன பலகாரப் பஞ்சம் பிடித்த ஊரிலா இருக்கிறோம்? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அந்தி சாய்ந்ததும் இருட்டுக் கடையில் கூட்டம் முண்டுகிறது. வடக்கே ஒரு மணி நேரம் போனால் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அதற்கும் மேலே சாத்தூர் சேவு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. கிழக்கே தூத்துக்குடி மக்ரூன். நாலு திசையிலும் பலகாரம் காவல் காக்கிற ஊரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு மாமா சொல்வார்: "கடைச் சரக்கா? எந்தக் காலத்து எண்ணெயோ!" (இதே மாமா டவுனுக்குப் போகிற அன்றெல்லாம் நூறு கிராம் அல்வாவைச் சுடச்சுட இலைத்துண்டில் வாங்கி, நின்றபடியே வாயில் போட்டு, கையைத் தலையில் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவது எங்களுக்குத் தெரியும். தலை பளபளப்பது தேங்காய் எண்ணெயால் அல்ல என்பது சின்னத்தைக்கும் தெரியும்.)

படகில் தின்னும் பலகாரத்துக்கு மாமா ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார். வயிற்றெரிச்சலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னால், சாஸ்திரம் சரியானது. ஒத்தைக் கையால் தின்கிற பண்டமாக இருக்க வேண்டும். மற்றக் கை படகைப் பிடிப்பதற்கு. அதனால் சட்னி தொடுகிற எதுவும் கூடாது. அல்வா கூடாது, நெய்க்கையில் துடுப்பு நிற்காது. தோல் நீக்காத வறுகடலை கூடாது; நாம் ஊதுகிற தோல் பின்னால் வருகிற படகுக்காரர் கண்ணில்தான் போய் விழும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடித்த இட்லி உத்தமம். ஆனால் அது சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும் என்று மாமா தள்ளிவிட்டார். ஓலைக் கொழுக்கட்டையைவிடப் படகுக்குத் தோதான பண்டம் உலகத்தில் இல்லை. பனையோலைதான் டப்பா, தட்டு எல்லாம். தின்று முடித்தால் கழுவ வேண்டியது வாயை மட்டும். என்ன செய்ய, அது கார்த்திகைக்கு வருகிறது, படகு ஆடிக்கு ஓடுகிறது.

சீடையை ஒரு தடவை கொண்டுபோனோம். துடுப்புப் படகில் சம்படம் கவிழ்ந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தால் சீடையெல்லாம் வலப்பக்கம் ஓடியது, இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் ஓடியது. அதைப் பொறுக்குவதற்கு நாத்தனார் மகன் குனிந்தான். அவன் விழுந்துவிடக் கூடாதென்று நாத்தனார் குனிந்தாள். நாத்தனாரைப் பிடிக்க அவள் வீட்டுக்காரர் குனிந்தார். கரையில் விசில் சத்தம் கேட்டது. அந்த வருஷமே பொரிவிளங்காய் உருண்டையும் தடையானது. ஒன்று கைதவறித் தண்ணீரில் விழ, யாரோ கல்லெறிகிறார்கள் என்று அடுத்த படகில் இருந்த குடும்பமே திரும்பிப் பார்த்துவிட்டது. முறுக்கு, தட்டையெல்லாம் சாரலில் பத்து நிமிஷம்கூடத் தாங்காமல் நமத்துப்போகும். இப்படிக் கழித்துக்கட்டிக் கழித்துக்கட்டிக் கடைசியில் மிஞ்சியது பொரி.

பொரியும் நமத்துப்போகுமே என்று கேட்பீர்கள். மாமாவும் அதையேதான் சொல்வார். அதனால்தான் வீட்டில் கலக்கக் கூடாது. வெங்காயத்தின் நீரும் மாங்காயின் புளிப்பும் பட்ட மறுகணமே பொரி தொய்ய ஆரம்பித்துவிடும். தின்கிற வாய்க்கு எதிரே வைத்துத்தான் கலக்க வேண்டும். படகில். மாமா கையால்.

அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். குளத்து நடுவில் மாமாவின் துடுப்புப் படகு. தெப்பத்தில் சாமி எழுந்தருளியதுபோல் வாளியை மடியில் வைத்து வீற்றிருப்பார். சுற்றிலும் மிதிபடகுகளில் நாங்கள். படகுகள் விலகிப் போகாமல் ஒருத்தர் படகை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டு, காலை மிதிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மிதித்தும் நிறுத்தியும் மிதப்போம். மாமா முழங்கை வரை சட்டையைச் சுருட்டுவார். பாட்டில் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவி, கழுவிய கையை எல்லாப் படகுக்கும் காட்டுவார். பிறகு ஒரு செருமல்.

"பொரிங்கது லேசான விஷயம்."

"ஆமா" என்பார் மாமாவுக்கு நேர் இளையவர்.

"ஆனா கலக்குத பக்குவம் எல்லாருக்கும் வராது."

"ஆமாமா" என்பார் அத்தான்.

"ரெண்டு நிமிஷம்தான்."

"ஆமா, ரெண்டே நிமிஷம்."

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட்டே கதையை நகர்த்துவார்கள். இங்கே வில்லும் இல்லை, உடுக்கும் இல்லை. வாளி உண்டு.

ஒவ்வொரு சம்படமாகப் படகு விட்டுப் படகு கைமாறி மாமாவிடம் போகும். வெங்காயம். துருவிய மாங்காய். கடலை. ஓமப்பொடி. மல்லித்தழை. கடைசியாக, தாளித்த எண்ணெய் உள்ள சின்னத் தூக்கு. அதில் நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், மஞ்சள்பொடி. அதை மட்டும் மாமா மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் திறப்பார். பிறகு வலது கையை வாளியின் அடிவரை விட்டு, பொரி நொறுங்காமல், கீழே கிடப்பது மேலே வரும்படி ஏழெட்டுத் தடவை புரட்டுவார். அவ்வளவுதான். ஒரு தடவை கொழுந்தன் மகன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. மாமா பொய் சொல்கிறவர் இல்லை.

பிறகு வாழையிலைத் துண்டைக் கூம்பாகச் சுருட்டி, ஒவ்வொரு படகுக்கும் விநியோகம். லைஃப் ஜாக்கெட் மாட்டியவர்கள் பொரி தின்பது தனிக் கலை. தாடைக்குக் கீழே பரண் கட்டியதுபோல் ஜாக்கெட் நீட்டிக்கொண்டிருக்கும். வாய்க்குப் போவது பாதி, ஜாக்கெட்டுக்குள் போவது பாதி. அடுத்த முறை அதை மாட்டிக்கொள்ளப்போகிற புண்ணியவான் யாரோ, உள்ளே கையை விட்டால் ஓமப்பொடி கிடைக்கும்.

இரண்டாவது கூம்பு தீரும்போது மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ புதிதாக வந்த சொந்தம் ஒன்று தவறாமல் கேட்கும்: "பிரமாதமா இருக்கே மாமா! எப்படிப் பண்ணினீங்க?"

மாமா காத்திருந்தது இதற்குத்தான்.

"இது என்ன பெரிய வித்த? வெங்காயம் நறுக்கினது இருக்கும்லா, அத எடுத்துக்கோ. மாங்கா துருவினது இருக்கும்லா, அதுல ஒரு பிடி. கடல வறுத்துத் தோல் எடுத்தது இருக்கும்லா, அத அள்ளிப் போடு. ஓமப்பொடி இருக்கும்லா…"

இருக்கும்லா!

நறுக்கியது யார்? துருவியது யார்? அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதாத குறையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். செயப்படுபொருள் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. செய்த ஆள் இல்லை. இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தத் தோன்றா எழுவாய்க்கு இரண்டு முழங்காலிலும் வலி. அது காலையில் மூன்றரைக்கு எழுந்திருக்கிறது.

தோன்றா எழுவாய்கள் மொத்தம் நான்கு பேர். அத்தை, சின்னத்தை, நான், ஓரகத்தி. முதல் நாள் ராத்திரியே கடலையை வறுத்து, சூடு ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்து, சுளகில் போட்டுப் புடைத்துத் தோலை ஊதிவிட வேண்டும். அடுக்களையெல்லாம் தோல் பறக்கும். இருபத்திரண்டு பேருக்குப் பொரியைப் பரப்பி உமியும் கல்லும் பொறுக்க வேண்டும். கடை ஓமப்பொடிக்குத் தடை என்பதால், ஓமத்தை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் கடலைமாவில் பிசைந்து அச்சில் பிழிய வேண்டும். வடிகட்டாவிட்டால் ஓமம் அச்சின் கண்ணை அடைத்துக்கொள்ளும், சின்னத்தை அச்சோடு மல்லுக்கட்டுவாள். வெங்காயம் மட்டும் விடிகாலையில்தான், முன்னாலேயே நறுக்கினால் வாடை ஏறிவிடும். அதுவும் சின்ன வெங்காயம். பெரிய வெங்காயம் தண்ணீர் விடுமாம், மாமா உத்தரவு. இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வேனில் ஏறும்போது எங்கள் நாலு பேர் கண்ணையும் பார்க்கிறவர்கள், ஏதோ துட்டி வீட்டுக்குப் புறப்படுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகு இதற்கு 'சிம்பிள்' என்று பெயர் வைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஷ்டப்பட்டுச் செய்தது என்று சொல்லிவிட்டுத் தின்றால் என்ன, தொண்டையில் சிக்கிக்கொள்ளுமா? இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

சரி, மாமாவுக்கும் ஒரு கதை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பழக்கம் குற்றாலத்தில் வந்ததில்லை, காரையாற்றில் வந்தது. பாபநாசம் மேலணையிலிருந்து பாணதீர்த்தம் அருவிக்கு மோட்டார் படகு ஓடிய காலம். பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தாமிரபரணி அங்கே அருவியாகி அணைத் தண்ணீரிலேயே வந்து விழும். இரண்டு பக்கமும் காடு, நடுவில் பச்சைத் தண்ணீர், படகின் இரைச்சல். இப்போது அங்கே படகு கிடையாது. அது புலிகள் காப்பகம்; களக்காடு முண்டந்துறையைக் காப்பகமாக்கியது 1988இல். அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்த படகை நிறுத்திப் பல வருஷமாகிறது. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறவர்களின் பையைக்கூடச் செக்போஸ்டில் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கைத் தேடினாலும் கிடைக்காத ஒரு ஆள் அந்தப் படகில் போயிருக்கிறார்கள். மாமாவின் அம்மா, எங்களுக்கெல்லாம் ஆச்சி. இதே எவர்சில்வர் வாளி. விளிம்புக்குக் கீழே ஆச்சியின் பெயரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது, தேய்ந்து பாதிதான் படிக்க முடியும். ஆச்சி படகில் உட்கார்ந்து பொரி கலக்குவார்களாம், மாமா வாளி சாயாமல் பிடித்துக்கொள்வாராம். படகில் வருகிற முன்பின் தெரியாத குடும்பங்களுக்கும் ஒரு கை போகுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் மாமா 'சிம்பிள்' என்று சொல்வதில்லை. ஆச்சி காலமான வருஷம் சொத்துப் பிரித்தபோது மற்றவர்கள் வெண்கலப் பானைக்கும் பித்தளை அண்டாவுக்கும் சீட்டுப் போட்டார்கள். மாமா வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

போன சீசனுக்கு முந்தின சீசனில் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த வருஷம் நாங்கள் யாரும் குற்றாலம் போகவில்லை. போக வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை; போவோம் என்று போன் பண்ணுகிறவர் இல்லை, அவ்வளவுதான். ஓரகத்தி ஒரு நாள் வீட்டு மொட்டைமாடியில் பொரி கலக்கினாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கை அள்ளிவிட்டு எல்லாரும் டிவி பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆக, மாமா இல்லாமல் படகு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆச்சி வெங்காயத்தைத் தன் கையாலேயே உரித்து நறுக்கி எடுத்துக்கொண்டு போனவர்கள். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை அதைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

இந்த ஆடியில் அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அத்தைக்கும் சொல்லவில்லை. கடலை, மாங்காய், ஓமப்பொடி எல்லாம் முறைப்படி சம்படத்தில் போட்டேன். வெங்காயச் சம்படத்தில் மட்டும் வெங்காயத்தை முழுசாகப் போட்டேன், தோலோடு. நாலரை வரை தூங்கினேன்.

வெண்ணமடைக் குளம். தெப்பம் கூடிவிட்டது. கை கழுவிக் காட்டியாயிற்று. "ரெண்டு நிமிஷம்தான்." "ஆமா, ரெண்டே நிமிஷம்." மாமா சம்படத்தைத் திறந்தார்.

சம்படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா… நறுக்கினது இருக்கும்லா?"

"இல்ல மாமா."

பக்கப்பாட்டில் சத்தமே இல்லை. ஒரு மிதிபடகு மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வேறொருவராக இருந்தால் வெங்காயம் இல்லாமலே கலக்கியிருப்பார். மாமா பொரி விஷயத்தில் சமரசம் செய்கிறவர் இல்லை. "இதென்ன, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, வாளியைக் காலிடுக்கில் வைத்து, சம்படத்தை மடியில் வைத்து, ஒரு வெங்காயத்தை எடுத்து நகத்தால் தோலைக் கிள்ளினார். தோல் காகிதம்போல் மேலாகக் கிழிந்துகொண்டு வந்தது. இன்னொரு தடவை கிள்ளினார். குடுமியைத் திருகினார். பல்லால் கடித்துப் பார்த்தார். அவர் உரித்து முடித்த முதல் வெங்காயம், தோலோடு பாதிச் சதையும் போய்ச் சுண்டைக்காய் அளவில் இருந்தது. எல்லாப் படகும் அதைப் பார்த்தது.

அரைமணி நேரச் சவாரி. கரையில் விசில் ஊதியபோது மாமா பதினொரு வெங்காயம் உரித்திருந்தார்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சாண்ணே?" என்று கேட்டார், இத்தனை வருஷமும் 'ஆமா' போட்டுக்கொண்டிருந்த இளையவர்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சாரல் கண்ணுல விழுது" என்றார். அன்றைக்குச் சாரலே இல்லை.

வீட்டுக்கு வந்து மீதி வெங்காயத்தை நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து உரித்து, ராத்திரிக்குப் புளிக்குழம்பு வைத்தோம். பதினொன்றையும் அதிலேயே போட்டேன். மாமா இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். சோற்றில் விழுந்த ஒவ்வொரு வெங்காயத்தையும் விரலால் ஒதுக்கி, பக்கத்து இலைக்காரருக்குக் காட்டினார்.

"இது நான் உரிச்சது."